முகவரி வாங்கியவருக்குப் பெயர் சொந்தமாகிவிடாது

“முதலில் டொமைனை வாங்குங்கள், வணிகச் சின்னப் பதிவைத் தொழில் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.” புத்தொழில் தொடங்க முனையும் மாணவர்களுக்கு நம் வளாகங்களில் தாராளமாக வழங்கப்படும் அறிவுரை இது. இது தவறான அறிவுரை என்பதே என் வாதம். சான்று தேடித் திருவனந்தபுரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தம்பானூர் பேருந்து நிலையம் போதும்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 1965இல் உருவானது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகம் ஆனபின், அங்குள்ள கழகத்துக்கும் ‘கேஎஸ்ஆர்டிசி’ என்ற அதே சுருக்கம் வாய்த்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இரண்டும் ஒரே பெயரில் பேருந்துகளை ஓட்டின. 2013இல் கர்நாடகம் அப்பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு கேரளத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அதன் பின்னரே கேரளம் விழித்தது. 2021 ஜூனில் ‘பெயர் நமக்கே’ என்று இங்கே கொண்டாடினோம். 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ‘கேஎஸ்ஆர்டிசி டாட் இன்’ என்னும் முகவரி கர்நாடகத்திடமே இருக்கிறது. எட்டாண்டு மூத்த உரிமையாளர் வேறு முகவரியில் பயணச்சீட்டு விற்கிறார்.

இங்கு மொழியியலாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டொமைன் அமைப்பு எழுத்துக்கூட்டலை மட்டுமே பார்க்கிறது. ஓர் எழுத்து கூடினாலும் அதற்கு அது வேறு பெயர். சட்டமோ ஒலியையும் நுகர்வோரின் நினைவையும் பார்க்கிறது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே தன் பெயரிலிருந்து உருவாக்கிய சொல் ‘சிஃபி’. இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தை இரட்டித்து ‘சிஃபிநெட்’ என முகவரிகளைப் பதிந்தது. பதிவாளருக்கு அதில் தடையேதும் தெரியவில்லை. 2004இல் உச்சநீதிமன்றம் அம்முகவரிகளைத் தடுத்தது. டொமைன் பெயர்களுக்கும் வணிகச் சின்னச் சட்டத்தின் கோட்பாடுகள் பொருந்தும் என்றது. டொமைனைப் பெறுவது மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘பதிவில்லாமலேயே முன்பயனாளருக்குப் பாதுகாப்பு உண்டே’ என்று சிலர் மறுப்பர். உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு முன்பயனாளரைக் காக்கிறது. 1999இல் யாகூ நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தில் ‘யாகூஇந்தியா’ முகவரிக்குத் தடை பெற்றதும் பிறர் பெயரில் வணிகம் செய்வதைத் தடுக்கும் பொதுக்கோட்பாட்டின் வழியேதான். ஆனால் அக்கோட்பாட்டுக்கு ஈட்டிய நற்பெயர் முன்நிபந்தனை. யாகூவிடம் அது இருந்தது, சிஃபியிடமும் இருந்தது. அப்படியிருந்தும் சிஃபி மூன்று நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியிருந்தது. நேற்றுத் தொடங்கிய நிறுவனத்திடம் எந்த நற்பெயர் இருக்கிறது? பதிவு மிகத் தேவைப்படுபவர் எவரோ, அவரிடமே ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறோம்.

செலவு என்பதும் சாக்கு. தனிநபர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற புத்தொழில்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தொழில் தொடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 18ஆம் பிரிவின்படி, இனிப் பயன்படுத்தவிருக்கும் பெயருக்கும் விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைக்க நாளாகலாம். கிடைத்தால், 23ஆம் பிரிவின்படி அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். எனவே ஒவ்வொரு நாள் தாமதமும் பிறருக்குக் கொடுக்கும் முன்னுரிமை.

அப்படியானால் எப்போது விண்ணப்பிப்பது? பெயரை முடிவு செய்த அன்றே; அதை எவரிடமும் அறிவிக்கும் முன்பே. முதலில் வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடுங்கள். தடையில்லையெனில் விண்ணப்பத்தையும் டொமைனையும் ஒரே நாளில் முடியுங்கள். ‘டாட் காம்’ என்னும் ஈறு பெயருக்குத் தனித்தன்மை சேர்க்காது; வேர்ச்சொல்லையே பதியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெயர் பொருளையோ சேவையையோ வெறுமனே விவரிப்பதாயின், விண்ணப்பத்தை விரைவுபடுத்திப் பயனில்லை. 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அப்போது மாற்ற வேண்டியது பெயரை. ‘மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம்’ என்பதன் நான்கு முதலெழுத்துகள் எவரையும் எவரிடமிருந்தும் பிரிப்பதில்லை. எஞ்சிய ஓரெழுத்தைக் கேரளமும் கர்நாடகமும் பகிர்ந்துகொள்கின்றன. வேறுபாட்டில்தான் குறி வாழ்கிறது என்று முதலாண்டு வகுப்பிலேயே கற்பிக்கிறோம். அதைத் தொழில்முனையும் மாணவருக்குச் சொல்லாமல், முகவரி விற்கும் கடைக்கு வழிகாட்டி அனுப்புவது ஆசிரியப் பணியன்று.