வாரண்டியை விடுங்க, எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துங்க

எங்க ஊர்ப் பக்கம் இப்ப மாடிக்கு மாடி சோலார் பேனல்தான். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், யோசித்துக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். பல வீடுகளில் பணம் கட்டியது சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள். நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேனலோடு சேர்த்து இன்னொன்றையும் அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். அதன் பெயர் எக்ஸ்டெண்டட் வாரண்டி. இன்றைக்கு என் சண்டை அதோடுதான்.

என்னிடமும் கேட்டார்கள். "அண்ணா, இன்வெர்ட்டருக்கு அஞ்சு வருசம் கம்பெனி வாரண்டி இருக்குதுங்க. இன்னொரு எட்டாயிரம் போட்டீங்கன்னா பத்து வருசத்துக்கு நிம்மதியா இருக்கலாமுங்க." வேண்டாம் என்றேன். என் கணக்கு இதுதான்.

முதல் 5 வருடம் கம்பெனி வாரண்டியே இருக்கிறது. திட்டத்தில் போட்டவர்களுக்கு, பொருத்திக் கொடுத்தவரே 5 வருடம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தமும் இருக்கிறது. அப்படியென்றால் இன்று கொடுக்கும் எட்டாயிரம் வேலை செய்யத் தொடங்குவது ஆறாவது வருடத்தில். அதுவரை அது அவர்களுக்கு வட்டியில்லாக் கடன். அதே காசை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டு வைத்தால் 5 வருடத்தில் 11,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். அதுவரை அந்தக் கம்பெனி இருக்குமா, அந்த மாடலுக்கு போர்டு கிடைக்குமா என்பதற்கு யார் ஜவாப்தாரி?

இரண்டாவது விசயம் இன்னும் முக்கியம். கிராமத்தில் இன்வெர்ட்டர் எதனால் போகிறது? சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் இடி. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் விட்டுப்போய் எகிறும் வோல்டேஜ். உள்ளே கூடு கட்டும் எறும்பு, குளிருக்கு ஒதுங்கும் பல்லி, ஒயரைக் கடிக்கும் எலி. மேற்குச் சுவரில் மாட்டி, மத்தியானத்துக்கு மேல் நேர் வெயிலில் வேகவிடுவது. இப்ப உங்க வாரண்டித் தாளை எடுத்து, எதற்கெல்லாம் பொருந்தாது என்று போட்டிருக்கும் பகுதியைப் படிங்க. இடி, மின் ஏற்ற இறக்கம், பூச்சி, எலி, தவறான இடத்தில் பொருத்தியது என்று வரிசையாக இருக்கும். எதனால் போகுமோ அதற்கு வாரண்டி இல்லை. இதற்கு எதற்குங்க எட்டாயிரம்?

மூன்றாவது, புகார் செய்யப்போவது யார்? பணம் கட்டியது மகன். ஆப் மகன் போனில், ஓடிபியும் மகனுக்குத்தான் வரும். மெசின் இருப்பது அறுபத்தெட்டு வயது அப்பாவின் வீட்டில். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, சீரியல் நம்பரையும் எரர் கோடையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு மெசின் கோயமுத்தூர் போகும், அங்கிருந்து வேறெங்கோ போகும். 3 கிலோவாட் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். இருபது நாள் நின்றால் 240 யூனிட் போச்சு. அதை எந்த வாரண்டியும் திருப்பித் தராது.

"இன்வெர்ட்டர் ஏழாவது வருசம் போயிட்டா முப்பதாயிரம் ஆகுமே?" என்று கேட்பீர்கள். ஆகலாம். இன்வெர்ட்டர் பேனல் மாதிரி 25 வருடம் உழைக்காது. எப்படியும் ஒரு தடவை மாற்ற வேண்டி வரும் என்று நினைத்து மாதம் 300 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். ஏழு வருடத்தில் 25,000 சேர்ந்துவிடும். அந்தக் காசுக்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது. இடி விழுந்தாலும் எடுக்கலாம், எலி கடித்தாலும் எடுக்கலாம்.

அந்த எட்டாயிரத்தை இப்பவே செலவழிக்கணும் என்று கை அரித்தால், இப்படிச் செலவழிங்க. டிசி பக்கமும் ஏசி பக்கமும் சர்ஜ் தடுப்பான், அதாங்க எஸ்பிடி, இருக்கிறதா என்று பாருங்க. அதன் சின்ன ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வந்தால் உடனே மாற்றணும். இடிதாங்கிக்கு, டிசிக்கு, ஏசிக்கு என்று மூன்று எர்த் குழி தனித்தனியாக இருக்கணும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, குழிக்குத் தண்ணி ஊத்தணும். நேரடியாக இடி விழுந்தால் இதெல்லாம் காப்பாற்றாது. ஆனால் பக்கத்தில் விழுந்து ஒயர் வழியாக வருவதில் பெரும்பகுதியைத் தடுக்கும். இன்வெர்ட்டருக்கு மேல் ஒரு தகரம் போட்டு நிழல் பண்ணுங்க, காற்றோட்டம் விடுங்க. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். தகரத்தின் விலை எவ்வளவு, போர்டின் விலை எவ்வளவு?

எல்லா வாரண்டியும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. விற்பவர் தரும் சீட்டாக இல்லாமல் தயாரித்த கம்பெனியே சீரியல் நம்பரோடு தரவேண்டும். கூலியும் போக்குவரத்தும் அதில் அடங்கணும். எத்தனை நாளில் மாற்று மெசின் வரும் என்று எழுத்தில் இருக்கணும். விலையும் மெசின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இத்தனையும் இருந்தால் வாங்குங்க. அப்பவும் இன்றே வாங்கணுமா, பிறகு வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்க. இருக்கிற 5 வருட வாரண்டியில் இழுத்தடித்தால் பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆன்லைனில் நீங்கள் வாங்கும் நிம்மதி உங்களுக்கானது, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவருக்கு வேண்டியது, கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் வந்து நிற்கும் உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருத்தர். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவரைத் தேடிப் பிடிங்க. நம்பரைச் செவுத்துல பெரிசா எழுதி வையுங்க.