வீடு திரும்புதல்

மேலைத்தேயச் செவ்வியல் இசை கொழும்பு மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. சப்ரகமுவ இறப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது? இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பது இது. பதிலாக ஓர் இறுவட்டைக் கொடுத்தனுப்புவது என் வழக்கம். துவொர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி. இஸ்த்வான் கெர்டெஸ் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக் குழுவினர் 1961இல் டெக்கா நிறுவனத்துக்காக வாசித்த ஒலிப்பதிவு.

செக் நாட்டவரான துவொர்ஷாக், நியூயோர்க்கில் ஓர் இசைக்கல்லூரிக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 1893இல் இதை எழுதி முடித்தார். இரண்டாம் பகுதியின் புகழ்பெற்ற மெட்டைக் கேளுங்கள். அதன் முதல் அடி மோகன ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதை வாசிக்கும் 'இங்கிலிஷ் ஹோர்ன்' (அதில் இங்கிலாந்தும் இல்லை, கொம்பும் இல்லை) நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல். இதில் அந்நியம் எங்கே?

அப்பகுதி முடிவதற்குச் சற்று முன்னர் ஒரு சில தந்தி வாத்தியங்களே அம்மெட்டை எடுக்கின்றன. நடுவில் அறுகிறது. மௌனம். மீண்டும் தொடங்கி மீண்டும் அறுகிறது. விடைபெற வாயெடுத்தவருக்குத் தொண்டை அடைப்பதுபோல. கண்ணீரைப் பிழிவதற்கு வாகான இடம், கெர்டெஸ் பிழியவில்லை. 1956 எழுச்சியை அடுத்து ஹங்கேரியை விட்டு வெளியேறியவர் அவர். அதனால்தான் என்று நிறுவ முடியாது. என் செவி அப்படித்தான் கேட்கிறது.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. யட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் பிறந்து, பால்வெட்டிலும் கொழுந்திலும் வளர்ந்தவர்களுக்கு அக்கரையில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கண்டிராத ஊர் தாயகமாம்! அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். இங்கேயே தங்கியோரிலும் இரத்தினபுரி மாவட்டத்தவர் பலர் 1981 ஓகஸ்ட் வன்செயலில் லயங்களை விட்டு ஓட நேர்ந்தது.

துவொர்ஷாக்கின் அமெரிக்க மாணவர் வில்லியம் ஆம்ஸ் ஃபிஷர், 1922இல் இம்மெட்டுக்கு வீடு திரும்பும் பாடலொன்றை எழுதிச் சேர்த்தார். எனக்கு அது வேண்டாம். துவொர்ஷாக்குக்கு ஊர் இருந்தது, 1895இல் திரும்பியும்விட்டார். சொற்கள் வந்துவிட்டால் எந்த வீடு என்று சொல்லியாக வேண்டும். குழல் அதைக் கேட்பதில்லை.

இரண்டாம் பகுதியை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். கடைசியில் ஒலிப்பவை டபுள் பேஸ்கள்; ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்தால்தான் கேட்கும்.