அங்குலக் கணக்கு

ஆடி பிறந்தால் தள்ளுபடி. ஐப்பசியில் தீபாவளித் தள்ளுபடி. தை பிறந்தால் இன்னுமொரு தள்ளுபடி. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு விழாவின் பேரால் பெரிய திரைத் தொலைக்காட்சிப் பெட்டிகள் நம் இல்லங்களை நோக்கி ஊர்வலம் வந்துகொண்டிருக்கின்றன. நாளிதழின் முதற்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அவ்விளம்பரங்களில் நாம் காண்பவை இரண்டே எண்கள். எத்தனை அங்குலம்? எத்தனை ரூபாய்? முன்னது பெருக வேண்டும், பின்னது சுருங்க வேண்டும். அதுவே நல்ல கொள்முதல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இந்த அங்குலக் கணக்கு பொய்க்கணக்கு என்பதே நம் வாதம்.

இவ்வாறு தொடங்கியதுமே, தொலைக்காட்சியே வேண்டாம் என்று உபதேசிக்க வருகிறார்கள் என எண்ணி வாசகர் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். பொறுத்தருள்க. நாம் அந்தக் கட்சியினர் அல்லர். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய நாள்தொட்டு, அதை 'முட்டாள் பெட்டி' என்று இகழ்வதே அறிவுடைமை எனக் கருதியோர் நம்மிடையே பலர் உண்டு. டயனோரா, சாலிடெர் என்று சென்னையிலேயே உருவான பெட்டிகள், இழுத்து மூடும் மரக்கதவுகளோடு, தெருவுக்கு ஒரு வீட்டில் கொலுவிருந்தன. தெருப்பிள்ளைகள் அனைவரும் அவ்வீட்டுத் தரையில் அமர்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தனர். 2006இல் தொடங்கி, தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணப் பெட்டியை இலவசமாக வழங்கியது. இகழ்ந்தோர் இகழ்ந்துகொண்டே இருந்தனர். பெட்டி வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. வாங்கும் வேளையில் எதைக் கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று சொல்லித்தர அவர்களுள் எவரும் முன்வரவில்லை. அந்த வேலையை விற்பனையாளரே ஏற்றுக்கொண்டார்.

இன்றோ வீட்டிலுள்ள நால்வரும் நான்கு மூலைகளில் நான்கு கைப்பேசிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இந்நிலையில், எல்லாரையும் ஒரே திசையில் நிமிர்ந்து பார்க்கச் செய்யும் ஒரு திரை தீமையன்று. கண்மங்கிய பாட்டியும் எழுத்தைப் படிக்க முடியும். பாட்டியின் முணுமுணுப்பைக் கேட்டுப் பேரன் சிரிக்க முடியும். ஆகவே பெரிய திரை வாங்குவோரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் ஏமாற்றப்படுவதைத்தான் குறைகூறுகிறோம்.

முதலில் கணிதம். விளம்பரம் சொல்லும் அங்குலம் அகலமன்று, உயரமுமன்று. மூலைக்கு மூலை இழுத்த கோடு. 55 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலமும் 68 சென்டிமீட்டர் உயரமும் உடையது. 43 அங்குலத்திலிருந்து 55க்குச் செல்லும்போது கூடுவது 12 அங்குலமே என்று தோன்றினாலும், திரையின் பரப்பு 64 விழுக்காடு பெருகிவிடுகிறது. இவ்வளவு பரப்பு நம் அறைக்கு வேண்டுமா என்பதைச் சுவர் தீர்மானிக்க இயலாது. சுவருக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தூரமே தீர்மானிக்க வேண்டும். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் அமர்ந்து பார்ப்பது நலம் என்பது துறையினர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. 55 அங்குலத்திற்கு அது சுமார் ஏழரை அடி. 43 அங்குலத்திற்கு ஆறடிக்குள் அடங்கும். ஒரு துண்டுக் கயிறு போதும், வீட்டிலேயே அளந்துவிடலாம். அதை அளக்காமல் கடைக்குச் செல்வோர், கடையின் பெருங்கூடத்தில் சிறியதாய்த் தோன்றிய பெட்டி தம் பத்தடி அறையில் சுவரை விழுங்கி நிற்பதைக் கண்டு திகைக்கின்றனர்.

அடுத்தது 4கே என்னும் மந்திரம். குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள் என்பது அதன் பொருள். அதற்கு முந்தைய முழு உயர்தெளிவுத் திரையில் 1920க்கு 1080. நல்ல பார்வையுள்ள கண்ணும் ஓர் எல்லைக்கு அப்பால் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது. 43 அங்குலத் திரையில் அவ்வெல்லை ஆறடிக்கும் குறைவு. 55இல் ஏழடியை ஒட்டியது. எட்டடி தள்ளி அமர்பவர் 43 அங்குலத்தில் 4கேக்கென்று தனியே பணம் கொடுத்தால், தம் கண்ணுக்கு எட்டாத புள்ளிகளுக்கே கொடுக்கிறார். போகட்டும், அந்தத் திரையில் நாம் காணப்போவதென்ன? கேபிள் வழியாய் வரும் சாதாரணத் தெளிவு அலைவரிசைகளில் 576 வரிகளே உள்ளன. அவற்றை 2160 வரிகளுக்கு இழுத்து நீட்டினால் செய்தி வாசிப்பவரின் முகம் நீரில் நனைந்த ஓவியமாகிவிடுகிறது. மாலை முழுதும் செய்தியும் தொடரும் பார்க்கும் வீட்டில், பெட்டி பெரிதாகப் பெரிதாகப் படம் மோசமாகும். இதை எந்தக் கடைக்காரர் சொல்கிறார்? கடையில் ஓடுவது நிறுவனமே தயாரித்தளித்த படம்: பஞ்சவர்ணக் கிளியும் பவழப்பாறையும். அதுவும், வீட்டில் எவரும் வைத்துக்கொள்ள முடியாத உச்சப் பிரகாசத்தில். நம் ஊர்க் கேபிள் அலைவரிசை ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நேரே நின்று பார்த்ததோடு நில்லாமல், ஓரமாய்ச் சென்று நின்றும் பாருங்கள். நம் வீடுகளில் எல்லாரும் நடுவிலேயே அமர்வதில்லை. சில பெட்டிகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். எல்.இ.டி. தொலைக்காட்சி என்பது, பின்புறம் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்திய பழைய எல்.சி.டி. திரையே. கியூ.எல்.இ.டி. என்பதும் அதுவே, நிறத்தைச் செழுமையாக்கும் ஓர் அடுக்கு கூடுதலாய் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. மட்டுமே வேறு இனம். ஓரெழுத்து மாற்றத்தில் இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். அம்மயக்கம் விற்பனைக்கு உதவாத ஒன்றன்று.

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 40,000 ரூபாயாயிருந்த பெட்டி 51,200க்கு விற்றது; இப்போது 47,200க்கு விற்க வேண்டும். மிச்சமான நாலாயிரத்தை அப்படியே கொண்டுபோய் அடுத்த அளவுப் பெட்டிக்குக் கொட்டுமாறு தூண்டுவதே இன்றைய விளம்பரங்களின் வேலை. ஒட்டிய வயிறுபோல் மெலிந்த இக்காலப் பெட்டிகளுக்குள் நல்ல ஒலிபெருக்கி வைக்க இடமே இல்லை. வசனம் புரியவில்லை என்று பெரியவர்கள் முறையிடுவது செவிக்குறையால் மட்டுமன்று. அந்த நாலாயிரம் ஒரு வெளி ஒலிபெருக்கிக்குப் போகட்டும் என்போம்.

'வட்டியில்லாத் தவணை' என்னும் தூண்டிலையும் கவனிப்போம். பூச்சிய விழுக்காட்டு வட்டி என ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு உணர்த்தி, அவ்வகைத் திட்டங்களைத் தடுத்தது. அது பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. இன்று வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முதலில் கழித்துக் காட்டி, பின்னர் வட்டியாக வாங்கிக்கொள்கின்றனர். கடன் அட்டைத் தவணையாயின் அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு வரியும், நடைமுறைக் கட்டணமும் தனி. முழுப் பணத்தையும் எண்ணி வைப்பவர், அந்தக் கழிவைத் தமக்கும் தருமாறு கேட்க உரிமையுடையவர். கேட்டுப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

இவையெல்லாம் பழைய வணிகத் தந்திரங்களின் புது வடிவங்களே. புதியது வேறொன்று உண்டு. இத்தனை பெரிய பெட்டி இத்தனை மலிவாய் வருவது எவ்வாறு? ஆலைகள் பெருகியதும் கண்ணாடித் தகடுகள் மலிந்ததும் ஒரு பாதி விடை. மறுபாதியை அறிய அமெரிக்காவின் விசியோ நிறுவனத்தின் கதையைப் பார்க்க வேண்டும். மலிவுப் பெரிய திரைகளுக்குப் பேர்போன நிறுவனம் அது. ஒரு கோடியே பத்து இலட்சம் பெட்டிகளின் வழியே, வீட்டார் என்ன பார்க்கின்றனர் என்பதை நொடிக்கு நொடி, அவர்களுக்குத் தெரியாமல் திரட்டியதென அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2017இல் 22 இலட்சம் டாலர் செலுத்தி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. திரையில் ஓடும் படத்தின் சிறு துணுக்குகளைப் பிடித்து, கைரேகையை ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சி என அறியும் முறை அது. நிகழ்ச்சி கேபிளில் வந்ததா, குறுந்தட்டில் வந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. 2021ஆம் ஆண்டின் ஒரு காலாண்டில் விளம்பரமும் தரவும் சார்ந்த பிரிவில் அந்நிறுவனம் ஈட்டிய இலாபம், பெட்டி விற்று ஈட்டியதைப் போல் இருமடங்குக்கும் மேல். 2024இல் வால்மார்ட் அதனைச் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. மளிகையும் துணியும் விற்கும் கடைக்குத் தொலைக்காட்சி நிறுவனம் எதற்கு? தன் விளம்பர வணிகத்தை வளர்ப்பதற்கே என்று அதுவே வெளிப்படையாய்ச் சொன்னது.

நம் நாட்டில் விற்கும் பெட்டிகளிலும் முகப்புத் திரையைத் திறந்ததும் விளம்பரம் வரவேற்கிறது. முதன்முதலில் இயக்கும்போது 'ஏற்கிறேன்' என்று பல பக்க ஒப்பந்தத்திற்கு இசைவு கேட்கிறது. பெட்டியைச் சுவரில் மாட்ட வந்த இளைஞர் நமக்காக அதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்!

இங்கே ஒருவர் மறுத்துரைக்கலாம். 'ஏழைக்கு மலிவாய் ஒரு பெரிய திரை கிடைக்கிறது. அவன் எந்தத் தொடர் பார்க்கிறான் என்பதை எவனோ அறிந்தால் அவனுக்கென்ன நட்டம்?' எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியன்று இது. விலை குறைவதால் பயன்பெறுவோர் உண்மையில் எளியோரே. ஆயினும் பேரம் என்றால் இரு தரப்பும் விலையை அறிந்திருக்க வேண்டும். 'ரூபாய் 25,000, உடன் உங்கள் வீட்டு மாலைப்பொழுதின் பதிவேடும்' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தால், விரும்புவோர் வாங்கட்டும் என்று நாம் வாளாவிருப்போம். அச்சிடுவதில்லை. ஒருவர் பார்ப்பவை அவருடைய நோயையும் கடனையும் கவலையையும் காட்டிக்கொடுக்கும். கடன் நிறுவனத்தின் விளம்பரம் நெருக்கடியிலுள்ள வீட்டைத் தேடி வருவது தற்செயலன்று.

தற்காப்பும் உண்டு. பெட்டியை இணையத்தோடு இணைக்காமலே கேபிளும் டிஷ்ஷும் பார்க்கலாம். இணைத்தே ஆக வேண்டுமெனில், அமைப்புகளில் 'பார்வைத் தகவல்', 'விருப்ப விளம்பரம்' போன்ற பெயர்களில் ஒளிந்திருப்பவற்றைத் தேடி அணைத்துவிடலாம். இன்னொன்று: மலிவுப் பெட்டிகளின் 'அறிவு', திரைக்கு முன்பே கிழடாகிவிடுகிறது. நினைவகம் ஒரு ஜி.பி. அளவே உள்ள பெட்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் தள்ளாடத் தொடங்கும். திரையோ பத்தாண்டும் உழைக்கக்கூடும். ஆதலின் திரைக்குப் பணம் கொடுங்கள். அறிவு தளர்ந்தால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு தனிக்கருவியைச் செருகிக்கொள்ளலாம்.

இனி, பழுது. பழைய பெட்டி கெட்டால் தெருமுனை மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, ஈயப்பற்றுக் கோலோடு அமர்ந்து, மாலைக்குள் உயிர்ப்பித்துவிடுவார். இன்றும் அவர் இருக்கிறார். பின்விளக்குப் பட்டையும் மின்வழங்கிப் பலகையும் கெட்டால் அவரால் மாற்ற முடியும். சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் தேடிப்பிடிக்கிறார். ஒலி வருகிறது, படம் இல்லை என்றால் பெரும்பாலும் பின்விளக்கே குற்றவாளி. (பிரகாசத்தை உச்சத்தில் வைக்காதிருந்தால் அது நெடுநாள் உழைக்கும்.) ஆனால் பேனல் எனப்படும் திரை உடைந்தால் முடிந்தது கதை. பெட்டியின் விலையில் பெரும்பங்கு அதுவே. புதிதே வாங்கிவிடுங்கள் என்று சேவை மையத்தார் நமக்கு அறிவுரை கூறுவர். சில வேளைகளில் அந்த மாதிரிக்கு உதிரிப்பாகமே இல்லை என்பர். இணையக் கடைக்கு ஓர் எழுத்து, தெருக்கடைக்கு ஓர் எழுத்து என்று ஒரே பெட்டிக்குப் பல மாதிரிப் பெயர்களைச் சூட்டுவதால் நாம் விலையை ஒப்பிட முடியாது என்பது ஒருபுறம். உதிரிப்பாகம் தேடும் மெக்கானிக்கும் திண்டாடுகிறார் என்பது மறுபுறம்.

இது தவிர்க்க இயலாத விதியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் சட்டக் கடமை. பிரான்சில் 2025 ஜனவரி 8 முதல், தொலைக்காட்சிப் பெட்டியின் நீடித்துழைக்கும் திறனுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு விலையின் அருகில் காட்ட வேண்டும். நம் நடுவணரசும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு ஒன்றை அமைத்தது. வீட்டு மின்சாதனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. ஆயினும் நம் கடைகளில் பெட்டியின்மேல் அத்தகைய மதிப்பெண் எதையும் காணோம். அதே நிறுவனங்கள் பாரிஸ் கடையில் ஆயுளுக்கு மதிப்பெண் ஒட்டி விற்பவற்றை, நம் ஊரில் நடிகரின் படம் ஒட்டி விற்கின்றன. சட்டம் வரும்வரை, பேனலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், இம்மாவட்டத்தில் சேவை மையம் எங்கே, உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்னும் மூன்றையும் விலைச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேட்போம். மறுக்கும் கடையின் எதிரிலேயே இன்னொரு கடை இருக்கிறது.