லயம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்றொரு சொல் உண்டு. கணித ஆசிரியருக்கு அது கோடு. கவிஞனுக்குச் செய்யுளின் அடி. புகையிரத ஊழியனுக்குத் தண்டவாளப் பாதை. சங்கக்கடை வாயிலில் நிற்பவனுக்கு வரிசை. இவ்வளவையும் அகராதி தரும். ஆனால் மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ தோட்டத்திற் பிறந்த குழந்தையைக் கேளுங்கள். அதற்கு அச்சொல்லின் முதற்பொருள் இருப்பிடம். அதனை அது 'லயம்' என்னும்.

இச்சொல்லைக் கண்டு நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். லயம் இசைக்குரியது, இருப்பிடத்துக்கு அதனை வழங்குதல் கொச்சை என்பது அவர்தம் வாதம். 'தொடர்வீடு' என்றோ 'வரிசைக் குடியிருப்பு' என்றோ எழுதிவிட்டால் தமிழ் தூய்மை பெறும் என்பர். தமிழ் தூய்மை பெறட்டும். லயம் தூய்மை பெறுமா?

பிரித்தானிய இந்தியாவிற் படைவீரரும் பொலிசாரும் தங்கிய கொட்டில் வரிசைக்கு 'லைன்' என்று பெயர். இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் தொழிலாளர் கொட்டிலுக்கும் அப்பெயரே வழங்கிற்று. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதைக் காடுகளில் மாண்டவர் போக, மாத்தளை வந்து சேர்ந்தோருக்குக் கிடைத்தது அதுவே. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை, தகரக் கூரை. சமையலும் பிள்ளைப்பேறும் படிப்பும் அதற்குள்ளே. வேலை போயின் அறையும் போயிற்று.

தமிழில் வீடு என்பதற்கு விடுதலை என்றும் பொருள் உண்டு. துரை நினைத்தால் வெளியேற்றக்கூடிய அறையை அப்பெயரால் அழைப்பது மொழிபெயர்ப்பா, மோசடியா?

அங்ஙனமாயின் ஆங்கிலச் சொல்லையே ஆள்வதா என்று சிலர் வினவலாம். லயம் ஆங்கிலச் சொல் அன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட உழைப்பாளி, துரையின் சொல்லைத் தன் நாவுக்கேற்ப வளைத்துப் படைத்துக்கொண்ட தமிழ்ச்சொல் அது. புலவர் படைத்தால் கலைச்சொல், தொழிலாளி படைத்தால் கொச்சை என்பது எந்த இலக்கணம்?

இன்னுமொரு கொடுமை. படிவங்களில் முகவரிக்கென்று சில 'லைன்'கள் விடப்படுகின்றன. லயத்தில் வாழ்வோர் பலருக்கோ தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே செல்கின்றது. 'லைனில்' வாழ்பவனுக்கு நிரப்ப ஒரு 'லைன்' இல்லை! இவ்விரு பொருளுக்கும் இடையேயுள்ள வரலாற்றை எந்த அகராதி எழுதும்?

1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன; தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயங்கள் நின்றன. மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டென 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் காணியும் வீடும் இருந்தன.

ஆசிரியர்களே, மாணவர்களே! லயம் என்றே எழுதுங்கள். அதன் பொருளை மறையாது விளக்குங்கள். சொல்லை மாற்றுதல் எளிது, செலவற்றது. ஆகையாற்றான் ஆள்வோர் அதனை விரும்புகின்றனர். லயம் இடிந்து, காணி உறுதியோடு வீடெழும் நாளில், அச்சொல்லை வழக்கொழிந்தவற்றுள் நாமே சேர்ப்போம். அதுவரை அது நிற்கட்டும், சாட்சியாக!