சிலம்பு கையில் இல்லாத கண்ணகிகள்

சில திங்களுக்கு முன்னர், குடும்பம் பிரிந்த மாணவர்களின் கல்வியைக் குறித்து ஆசிரியரும் பெற்றோரும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் தமக்கும் தம் மக்களுக்கும் பராமரிப்புத் தொகை கோரும்போது, தொடக்கத்திலேயே வழக்குரைஞரின் துணையை நாடவேண்டும் என்று கூறினேன். அவையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “கண்ணகி வழக்குரைஞர் வைத்துக்கொண்டா பாண்டியன் அவையில் வாதாடினாள்?” என்று கேட்டார். அவை கைதட்டி ஆர்ப்பரித்தது. நானும் புன்னகைத்துவிட்டு அமர்ந்துவிட்டேன்.

அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று எழுதுகிறேன்.

கண்ணகி தனியாகவே வாதாடினாள் என்பது உண்மை. வென்றாள் என்பதும் உண்மை. ஆனால் எதனைக் கொண்டு வென்றாள்? வழக்குரை காதையைப் பயிற்றுவிக்கும் நாம் அதனை மறக்கலாமா? அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அவள் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்தாள், உண்மை தெறித்தது. ஒரே வினா, ஒரே சான்று. அதனைக் கண்டவுடன் தன் பிழையை ஒப்புக்கொண்ட மன்னனும் எதிரே இருந்தான். அத்தனையும் வாய்த்திருந்தும், நீதி பிறந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. காலங்கடந்து வந்த ஒரு நீதியைச் சான்றாகக் காட்டி, “நீயும் தனியே போ, வெல்வாய்” என்று இன்றைய பெண்ணை அனுப்பிவைப்பது எவ்வகை அறம்?

இன்றைய பெண்ணின் சிலம்பு எது? கணவனின் சம்பளச் சீட்டு, அவனது ஊழியர் சேமநிதிக் கணக்கு, வங்கிக் கணக்கு, அவன் பெயரிலுள்ள வீட்டின், வாகனத்தின் பத்திரம். அந்தச் சிலம்பு அவள் கையில் இல்லை; எதிர்த்தரப்பின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அப்பெட்டியை முறைப்படி திறக்கச் செய்யும் வழியறிந்தவரே வழக்குரைஞர்.

நான் எழுதிய தாள்

பிறரைச் சாடுமுன் என்னைச் சாடிக்கொள்வதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனின் பெற்றோர் பிரிந்தனர். ஊர்ப் பெரியவர்கள் ஒரு மண்டபத்தில் கூடினர். தமிழ் எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னையும் அழைத்தனர். நீதிமன்றம் ஏறினால் மானம் போய்விடும் என்று அப்பெண்ணுக்கு அறிவுரை கூறப்பட்டது, நானும் தலையசைத்தேன். முடிவில் ஓர் உடன்படிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணவர் தம்மால் இயன்ற அளவில் மனைவி மக்களின் நல்வாழ்வுக்கு என்றும் துணைநிற்பார் என்று எழுதினேன். அத்தாளில் ஒரு சந்திப்பிழையும் இல்லை. இருவரும் கையொப்பமிட்டனர். நாங்கள் தேநீர் அருந்திவிட்டு, ஒரு குடும்பத்தைக் காத்துவிட்ட மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மூன்று திங்கள் பணம் வந்தது. நான்காம் திங்களில் நின்றது. அவர் வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்த அம்மாணவன், விடியற்காலையில் சந்தையில் காய்கறிக் கூடை தூக்கிவிட்டு வகுப்பில் வந்து உறங்கினான். பிறகு வருவதையே நிறுத்தினான். தாய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இடந்தேடி அலைந்து, சட்ட உதவி கிடைக்கும் அலுவலகம் ஒன்றைக் கண்டடைந்தபோது இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அங்கே தாளைப் படித்தவர் நான்கு கேள்விகள் கேட்டாராம். தொகை எவ்வளவு? எந்த நாளில்? எந்த வழியாக? தவறினால் என்ன?

மறுநாள் அத்தாய் என் அறைவாசலில் நின்று, “ஐயா, நீங்க எழுதிக் குடுத்த தாள்ல எவ்வளவுன்னு போடலையாம்” என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே என்னை இன்றுவரை சுடுகிறது.

இருபது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன், எண்ணும் தேதியும் இல்லாத ஒரு வாக்கியத்தை எழுதி ஒரு குழந்தையின் காலை உணவைப் பறித்தேன். வழக்குரைஞர் ஒருவர் அம்மண்டபத்தில் இருந்திருந்தால், என் அழகுத் தமிழை அடித்துவிட்டு ஒரு தொகையையும் ஒரு நாளையும் எழுதியிருப்பார். அதனை நீதிமன்ற ஆணையாகவும் ஆக்கியிருப்பார்.

ஏடு கூறும் உரிமைகள்

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாரின் மணவாழ்வையும் மணவிலக்கையும் ஆள்வது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்ற முறை தனியே உண்டு; அதனை நான் இங்குத் தொடவில்லை.

இச்சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, மணவிலக்கு வழங்கும்போதும் அதன் பின்னரும் மட்டுமன்றி, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மனைவிக்குப் பராமரிப்புத் தொகை வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். 92ஆம் பிரிவு, பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அதற்கு உறைவிடம், உடை, உணவு, கல்வி ஆகியவற்றை அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது. முன்பு இக்கடமை பெரும்பாலும் பதினெட்டு வயதோடு முடிந்தது. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தம், மேற்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை தொகையைப் பெற வழிவகுத்தது. பல்கலைக்கழகக் கனவோடு நம் பள்ளிகளை விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு இது எத்துணைப் பெரிய கதவு! எத்தனை தாய்மார் இதனை அறிவர்?

மணவிலக்குக் கோராமலேயே, மனைவி மக்களைப் புறக்கணித்தவனிடம் திங்கள்தோறும் தொகை கேட்க 1950ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் உண்டு. முறைப்படி மணம் முடிக்காதவர்களுக்குப் பிறந்த குழந்தைக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆணையிட்ட தொகையை, சம்பளம் கைக்கு வருமுன் முதலாளியே பிடித்துக் கொடுக்கச் செய்ய 1968ஆம் ஆண்டின் சட்டம் உண்டு.

இன்னொன்று: பிள்ளையின் பராமரிப்பைப் பற்றிப் பெற்றோர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை எப்படி இருப்பினும், பிள்ளையின் நலன் கருதி நீதிமன்றம் அதனை மாற்றலாம் என்கிறது 97ஆம் பிரிவு. அஃதாவது, நான் எழுதிய அந்தத் தாள் அப்பிள்ளையின் உரிமைக்குப் பூட்டன்று. இதனை அறியாமல், “கையொப்பம் போட்டாயிற்றே அம்மா” என்று நாங்கள் எல்லாரும் அவரை அடக்கி வைத்திருந்தோம்.

ஏட்டிலிருந்து அடுப்படிக்கு

உரிமைகள் ஏட்டில் உள்ளன. அவற்றை அடுப்படிக்குக் கொண்டுவருவது யார்?

மனைவிக்குரிய தொகை சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. இருவரின் வசதியையும் தேவையையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது; மணமுறிவில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதையும் கருதச் சொல்கிறது. பிள்ளைக்கும் பெற்றோரின் வசதியும் நிலையுமே அளவுகோல். ஆகவே எல்லாம் மெய்ப்பிப்பதில் அடங்கியுள்ளது. வீட்டு வாடகை, பள்ளிப் பேருந்து, சீருடை, மருந்து, துணைப்பாட வகுப்பு எனச் செலவை இரசீதுகளோடு அடுக்கவேண்டும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டி மிகைநேர ஊதியத்தை மறைப்பவனின் கணக்கைக் கேள்வி கேட்கவேண்டும். வழக்கு முடியும்வரை அடுப்பெரிய இடைக்கால ஆணை கேட்கவேண்டும். கேட்கத் தெரியாதவளுக்கு அது தானாக வருவதில்லை. நிலுவை விழுந்தால் காலம் தாழ்த்தாமல் வழக்கிடவேண்டும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட நிலுவையைப் பெறச் சட்டம் இடந்தருவதில்லை. பொறுமையே பெண்ணுக்கு அணிகலன் என்று போதிக்கும் நம்மவர்கள், அந்தப் பொறுமைக்கு மூன்றாண்டு எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வார்களா?

மனுவும் சத்தியப்பிரமாண வாக்குமூலமும் எழுத வேண்டும். குறித்த நாளுக்குள் மறுமொழி அளிக்க வேண்டும். இவற்றையெல்லாம், தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தாய், இரவுப்பணி முடித்து வந்து, தானே செய்து முடிக்கவேண்டும் என்கிறோம். எதிர்ப்பக்கம் கணவன் வழக்குரைஞரோடு வந்து நிற்கிறான். இது சமநிலையான மன்றமா?

மறுப்புகளுக்கு மறுப்பு

வழக்குரைஞரிடம் போனால் குடும்பம் உடைந்துவிடும் என்பர். உடைந்த பிறகுதான் அவள் போகிறாள். மேலும், எதிர்ப்புள்ள மணவிலக்கு மனுவுக்கு முன்னர் இணக்கக் குழுவை நாடவேண்டும் என்பதே சட்டத்தின் பொதுவிதி, விதிவிலக்குகள் சிலவே. தேசியப் பதிவுத் துறை வழியாக அது நடைபெறுகிறது. சமரசத்துக்குச் சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. பராமரிப்புத் தொகை என்பது சமரசத்துக்குக் கொடுக்கும் விலையன்று.

பெண்கள் சிலர் இதனைப் பழிவாங்கும் கருவியாக்குகின்றனர் என்பர். சிலர் அவ்வாறு இருக்கலாம். அதனாலேயே இருதரப்புக்கும் வழக்குரைஞர் வேண்டும் என்கிறேன். வேலை இழந்த தந்தை ஓடி ஒளிய வேண்டியதில்லை. நிலைமை மாறினால் ஆணையை மாற்றக் கோரும் உரிமை அவருக்கும் உண்டு. அறிவுரை பெற்ற தந்தை நீதிமன்றத்துக்கு வருவார், பெறாதவர் தலைமறைவாவார். இழப்பு பிள்ளைக்கே.

பணம் ஏது என்பர். இக்கேள்விதான் நியாயமானது. 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அரசாங்கச் சட்ட உதவித் துறை, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு இத்தகைய குடும்ப வழக்குகளில் துணைசெய்கிறது. வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. எனினும், வரம்பைச் சற்றே கடந்த தாய் எங்கே போவாள்? கட்டணம் கொடுக்க வழியில்லை; இலவசம் பெறத் தகுதியில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழக்குரைஞர் வேண்டும் என்பதை நாம் ஒப்புகிறோம். எக்குற்றமும் செய்யாத குழந்தையின் சோற்றுக்கான வழக்கில் வழக்குரைஞர் ஏன் சலுகையாக இருக்கவேண்டும்? பிள்ளையின் பராமரிப்புக் கோரிக்கை எதுவாயினும், வரம்பு பாராமல் அரசு வழக்குரைஞரை அமர்த்தித் தரவேண்டும். செலவைக் கொடுக்க வல்ல தரப்பிடம் பின்னர் வசூலித்துக்கொள்ளட்டும். இதுவே என் கோரிக்கை.

வழக்குரைஞர்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் வரும் தாய் தலையாட்டுவதால் புரிந்துகொண்டாள் என்று எண்ணாதீர். ஆணையில் என்ன எழுதியிருக்கிறது, பணம் வராவிட்டால் எத்தனை நாளில் உங்களைத் தேடி வரவேண்டும் என்பதை அவள் மொழியில் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, மாணவர்களே!

நம்முன் உள்ள கடமை பெரிதன்று. ஆனால் உடனே செய்ய வேண்டியது. பிரிந்த குடும்பத்தின் தாய் நம் அறைக்கு வந்தால் ஆறுதலோடு நிறுத்தாமல், சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியை எழுதிக் கொடுப்போம். பிள்ளையின் கல்விச் செலவைக் காட்டும் இரசீதுகளைக் கேட்டால் தயங்காமல் தருவோம். பஞ்சாயத்துத் தாள் எழுத அழைத்தால், “முதலில் வழக்குரைஞர் பார்க்கட்டும்” என்று கூறி எழுதுகோலை மூடுவோம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் திருமணத்தைப் பதிவுசெய்யுமாறு இளையோரை வற்புறுத்துவோம். பதிவில்லாத மனைவி, தொகையைக் கேட்குமுன் தான் மனைவி என்பதையே மெய்ப்பிக்க நேரிடும்.

சட்டம் பயில எண்ணும் மாணவர்களே, நாளை உங்கள் அலுவலகத்தின் வாசலில் மடித்த தாளோடு ஒரு தாய் நிற்பார். அத்தாள் உங்கள் பழைய தமிழாசிரியர் எழுதியதாகவும் இருக்கலாம். தயவுசெய்து அதில் தொகையையும் நாளையும் எழுதுங்கள்.

என் மாணவன் பின்னர் பள்ளிக்குத் திரும்பினான். அவன் தாய்க்கு நீதிமன்ற ஆணை கிடைத்தது. தொகை சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. ஆனால் இழந்த வகுப்புகளை எந்த ஆணையும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை. கூட்டத்தில் கைதட்டு வாங்கிய பெரியவரை மீண்டும் காண நேர்ந்தால் அவனைப் பற்றித்தான் அவரிடம் கூறுவேன்.