புகையைச் சோதிக்கிறோம், பிறேக்கை யார் சோதிப்பது?

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் மதிலுடன் மோதி விபத்து." செய்தி மேசையில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது யாரையும் குறை சொல்லாது, எதையும் விளக்காது. அந்த வாகனத்தின் பிறேக்கைக் கடைசியாக யார் சோதித்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்மையில் அந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது. நுவரெலியா வழியாகக் கதிர்காமம் செல்ல எண்ணினோம். வாகனம் பழையது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறேக்கைப் பற்றி மட்டும் அந்தக் கடதாசிகளில் ஒரு சொல் இல்லை.

இருக்கவும் வேண்டியதில்லை. 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை இன்றி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கராச்சுகள் அதனை வழங்குகின்றன. சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இவைதாமே.

ஆகவே தெரிந்த கராச்சு ஒன்றுக்குப் போனேன். வாகனத்தை ஒழுங்கை முடிவு வரை ஓட்டித் திரும்பிய இளைஞர், "நல்லாப் பிடிக்குது ஐயா" என்றார். மனம் ஆறவில்லை. வேறொருவர் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தார். பின்பக்க பிறேக் குழாய் துருவேறி, எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் இது புதுமையன்று.

முதலாமவரைக் குறை சொல்ல மாட்டேன். 1990களின் பொருளாதாரத் தடையில், பெற்றோல் இல்லாத நாட்களில், மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓடவைத்த கைகளின் வாரிசுகள் இவர்கள். ஆனால் கைத்திறன் வேறு, அளவீடு வேறு. சில்லுகளை உருளைகளின் மேல் ஏற்றி, ஒவ்வொரு சில்லிலும் பிறேக் எவ்வளவு விசையுடன் பிடிக்கிறது, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று இயந்திரம் காட்டும். ஒழுங்கையில் ஓட்டிப் பார்ப்பதால் அது தெரியாது. மேலும் நமது குடாநாடு தட்டையானது. அரைகுறை பிறேக்குடனும் ஆண்டுக்கணக்கில் ஓடலாம். நீண்ட இறக்கத்தில்தான் குட்டு வெளிப்படும். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். மறுநாள் செய்திகளில் அதே வாக்கியம்: கட்டுப்பாட்டை இழந்தது. நாங்கள் போகவிருந்த வழியும் அதுதான்.

லண்டனில் வாழும் வாசகர்களுக்கு எம்.ஓ.ரி. சோதனை பழக்கமானது. 1960 இல் அது தொடங்கியபோது பத்து ஆண்டு கடந்த வாகனங்களுக்கே. இன்று மூன்று ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும். அங்கே திருத்தும் கராச்சே சோதிக்கவும் செய்யலாம். இல்லாத பழுதைக் காட்டிக் காசு பறிக்கிறார்கள் என்ற முறைப்பாட்டுக்கு அது இடம் கொடுக்கிறது. ஜெர்மனியில் 'ரியூவ்' சோதிப்பவர் திருத்துவதில்லை. நமக்கு அந்த முறையே பொருந்தும். கண்டுபிடித்த பழுதால் அவருக்கு இலாபமும் இல்லை, மறைத்தால் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக் கொள்ளும் தேவையும் இல்லை.

வருமான அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாணத்தின் கையில் இருக்கிறது. பத்து ஆண்டு கடந்த வாகனங்களுக்கு பிறேக் சோதனை என்று வடக்கில் தொடங்கினால் என்ன? 2020 முதல் ஐந்தாண்டு வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழையவைதாம் மிகுதி. சோதிப்பவர்களைப் பயிற்றுவிக்கக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழினுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. செலவு கூடும் என்று முணுமுணுப்பார்கள். புகைப் பரிசோதனை வந்தபோதும் முணுமுணுத்தோம். பிறகு வரிசையில் நின்றோம்.

குழாயை மாற்றிவிட்டேன். கதிர்காமப் பயணம் அடுத்த மாதம்.