அந்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்யாதீர்கள்

மன்றத் தலைவர் அவர்களுக்கு,

கலங்கரை விளக்க வார இறுதியில் நாம் நடத்திய நிலையத்தின் லாகில் சனிக்கிழமை இரவுத் தொடர்புகள் பலவற்றைக் காணோம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. அதில் மூன்று உத்தரவுகள். விடுபட்ட தொடர்புகளை அந்தந்த ஆபரேட்டர் நினைவிலிருந்து எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் தர வேண்டும். தராதவர்களுக்கு அடுத்த ஆண்டு மன்றத்தின் கால்சைனில் உட்கார இடமில்லை. லேப்டாப்பை ஃபார்மேட் செய்து வேறு மென்பொருள் போடப்படும்.

முதல் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மூன்றாவதை நிறைவேற்றிவிட்டால் பிறகு யார் மனம் மாறியும் பயனில்லை. போன வாரமே தனியாக ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். மற்ற ஊர் மன்றங்களிலும் இந்தச் சண்டை நடப்பதுதான், அவர்களும் படிக்கட்டும்.

ஹாம் ரேடியோ பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தாங்கள் பேசும் ஒவ்வொரு தொடர்பையும் பதிவு செய்கிறார்கள்: எதிர் நிலையத்தின் அடையாளப் பெயரான கால்சைன், தேதி, நேரம், பேண்ட், எந்த முறையில் பேசினோம், சிக்னல் எப்படி இருந்தது. அதற்குப் பெயர் லாக். ஆகஸ்டில் ஒரு வார இறுதியில் உலகெங்கும் கலங்கரை விளக்கங்களுக்குப் பக்கத்தில் நிலையம் போட்டுப் பேசுவது வழக்கம். நாமும் போட்டோம். 40 மீட்டரில் குரலுக்கு ஒரு மேசை, 20 மீட்டரில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கு ஒரு மேசை. இரண்டுக்கும் ஒரே கால்சைன், தனித்தனி லேப்டாப்.

சுற்றறிக்கையோடு நீங்கள் இணைத்த பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். நேரமெல்லாம் உலகப் பொது நேரமான யுடிசி. சனிக்கிழமை 17:04க்கு, நம் கடிகாரத்தில் இரவு 10:34க்கு, எஃப்டி8 வரிசை நிற்கிறது. மறுபடி தொடங்குவது ஞாயிறு 00:51க்கு, காலை 6:21. நடுவில் ஒன்றுகூட இல்லை. அதே இரவில் குரல் மேசையின் தொடர்புகள் 17:19, 17:26, 17:40 என்று தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆபரேட்டர் அசட்டையாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபடும். ஒரு நிமிடத்தில் முழுதாக நின்று, இன்னொரு நிமிடத்தில் முழுதாகத் தொடங்காது. அந்த இரவு முழுக்க எஃப்டி8 மேசையில் ஆள் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே நிமிடத்தில் அசட்டையாகி, விடிந்ததும் சேர்ந்து பொறுப்பு வந்தவர்களா?

பத்தரைக்கு என்ன நடந்தது என்று அங்கிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்புவதற்குள் பேட்டரி தளர்ந்த அந்த எஃப்டி8 லேப்டாப் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி ஆன் செய்தார்கள். என் கணிப்பு இதுதான்: அப்போது எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை மட்டும் திறந்தார்கள், லாக் மென்பொருளைத் திறக்கவில்லை. காலை ஷிஃப்டுக்கு வந்தவர் இரண்டையும் திறந்தார்.

இந்த இரண்டு மென்பொருளும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எஃப்டி8 முறையை 2017இல் கொண்டுவந்தவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும். டெய்லர் 1993இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். இரைச்சலுக்குள் புதைந்த மெல்லிய சிக்னலைத் தோண்டியெடுப்பது பல்சர் ஆராய்ச்சிக் காலத்திலிருந்தே அவருக்குக் கைவந்த கலை. அவருடைய டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் 15 விநாடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி அனுப்பும், கேட்கும். தொடர்பு முடிந்ததும் லாக் செய்யட்டுமா என்று ஒரு சிறு பெட்டி வரும். ஓகே அழுத்தினால் முதலில் தன்னுடைய ஃபோல்டரிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அதே விவரத்தை யுடிபி வழியாக, வழக்கமாக 2237ஆம் போர்ட்டுக்கு, வெளியே அனுப்பும். லாக் மென்பொருள் அதைப் பிடித்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

யுடிபி என்பது பேப்பர் போடும் பையன் காம்பவுண்டுக்கு மேலே வீசிவிட்டுப் போவது மாதிரி. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காது, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் கேட்காது. லாக் மென்பொருள் திறந்திருக்காவிட்டாலும் சரி, வேறொரு மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தாலும் சரி, அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. திரையில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். அன்றிரவு பையன்கள் ஒவ்வொரு தொடர்புக்கும் ஓகே அழுத்தினார்கள், பெட்டி மறைந்தது, அடுத்த கால்சைனைக் கூப்பிட்டார்கள். அவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்தத் தொடர்புகள் எங்கே? என் கணிப்பு சரியென்றால் உங்கள் பீரோவில் பூட்டியிருக்கும் லேப்டாப்பிலேயே, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் சொந்தக் கோப்பில் கிடக்கின்றன. லாக்.ஏடிஐ என்று முடியும் ஒரு கோப்பு. யாராவது ஓகேக்குப் பதிலாகப் பெட்டியை மூடியிருந்தால்கூட, பக்கத்திலேயே ஆல்.டிஎக்ஸ்டி என்று இன்னொன்று இருக்கும். யாரும் அதை நிறுத்தி வைக்காதவரை, கேட்ட ஒவ்வொரு வரியும் அனுப்பிய ஒவ்வொரு வரியும் விநாடி சுத்தமாக யுடிசி நேரத்தோடு அதில் விழுந்துகொண்டே இருக்கும். நாம் கூப்பிட்டது, அவர் ரிப்போர்ட் தந்தது, நாம் தந்தது, 73 என்று சொல்லி விடைபெற்றது எல்லாம். அதை வைத்து ஒரு தொடர்பை முழுதாக மீட்கலாம்.

செயலாளர் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை முழுக்கப் பென் டிரைவில் எடுத்துவிட்டதாகவும், இனி பயமில்லை என்றும் சொன்னாராம். நான் சொல்லும் இரண்டு கோப்பும் விண்டோஸில் டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை. ஆப்டேட்டா என்று கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டருக்குள், லோக்கல் என்பதற்குக் கீழே இருக்கும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ஃபைல் மெனுவில் லாக் ஃபோல்டரைத் திற என்று ஒரு வரி உண்டு, அதை அழுத்தினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். ஃபார்மேட் செய்தால் அதுவும் போய்விடும்.

பட்டியலில் எல்லாம் ஒரே காரணத்தால் விடுபட்டதும் இல்லை. குரல் மேசைக் குறிப்புப் பத்தியில் ஒரு இடத்தில் வெறும் ‘ம’ என்று இருக்கிறது. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘அரைகுறைக் குறிப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் ‘மழை’ என்றுதான் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு லேப்டாப்பின் லாகையும் ஒன்று சேர்த்தது ஏடிஐ என்ற ஏடிஐஎஃப் கோப்பு வழியாக. அந்த வடிவத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் கோண அடைப்புக்குள் அதன் பெயரும், முக்காற்புள்ளி போட்டு அது எத்தனை எழுத்து நீளம் என்பதும் இருக்கும். படிக்கும் மென்பொருள் அந்த எண்ணை நம்பி அத்தனையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தாண்டிப் போய்விடும். ‘மழை’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் மூன்று குறியீடு. டிஸ்க்கில் ஒன்பது பைட். எழுதிய மென்பொருள் மூன்று என்று போட்டது. படித்த மென்பொருள் மூன்று பைட்டை எடுத்தது. மூன்று பைட் என்றால் சரியாக ‘ம’. ஏடிஐ கோப்பு ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே ஏற்பட்டது என்பதை யாரும் நமக்குச் சொல்லாததுதான் குறை. குரல் லேப்டாப்பின் மூல லாகைத் திறந்து பாருங்கள், மழை அங்கே பெய்துகொண்டுதான் இருக்கும்.

சில தொடர்புகள் எம்எஃப்எஸ்கே என்று புரியாத பெயரில் கிடக்கின்றன. அவை எஃப்டி8ஐப் போன்ற இன்னொரு டிஜிட்டல் முறையான எஃப்டி4இல் பேசிய தொடர்புகள். எஃப்டி8ஐத் தனி முறையாகக் கணக்கில் எடுத்த ஏடிஐஎஃப், எஃப்டி4ஐ எம்எஃப்எஸ்கேயின் உட்பிரிவாக வைத்தது. உட்பிரிவுப் புலத்தைப் படிக்கத் தெரியாத பழைய பதிப்பில் கோப்பை ஏற்றினால் வீட்டுப் பெயர் மட்டும் மிஞ்சும், ஆள் பெயர் போய்விடும். மென்பொருளைப் புதுப்பித்து, மூலக் கோப்பை மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

கரண்ட் இல்லாத நேரத்தில் குரல் மேசையில் காகிதத்தில் எழுதிய பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது இந்திய நேரத்தில் எழுதப்பட்டது. மறுநாள் யாரோ அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்கள். அதனால் இரவு 10:40க்குப் பேசியவர்கள் பட்டியலில் 22:40 யுடிசிக்கு, அதாவது ஞாயிறு விடியற்காலை 4:10க்குப் பேசியதாக உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்தான். இரு தரப்பும் ஏற்றும் லாகுகளை ஒப்பிட்டுத் தொடர்பைச் சரிபார்க்கும் இணையச் சேவையான லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் இரு தரப்பு நேரமும் 30 நிமிடத்துக்குள் பொருந்த வேண்டும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் எதுவும் பொருந்தாது.

லாக்புக் ஆஃப் தி வேர்ல்டைப் பற்றிக் குழுவில் ஒருவர், எல்லாம் அங்கே ஏறியிருக்குமே, எதற்குக் கவலை என்றாராம். நாம் ஏற்றியது மட்டும்தான் அங்கே இருக்கும். ஏற்றினாலும் தொடர்பைச் சரிபார்க்கத் தேவையானதை மட்டும் அது வைத்துக்கொள்ளும். பேசியவர் பெயர், நம் குறிப்பு எதுவும் இராது. 2024 மே மாதம் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல்லின் கணினிகள் தாக்கப்பட்டபோது அந்தச் சேவை ஜூலை 1 வரை முடங்கிக் கிடந்தது நினைவிருக்கும்.

இனி அந்த முதல் உத்தரவு. குரலில் பேசியிருந்தால் எதிராளியின் பெயர், ஊர், இருமல்கூட ஞாபகம் இருக்கலாம். எஃப்டி8இல் யார் குரலும் கேட்பதில்லை. திரையில் எழுத்தும் எண்ணும் கலந்த கால்சைன்கள் ஓடுகின்றன, அடுத்த 15 விநாடியில் வேறு வந்துவிடுகின்றன. ஒரு இரவு முழுக்க வந்துபோன கால்சைன்களையும் நேரத்தையும் வாரங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதச் சொன்னால் என்ன வரும்? பயந்த பையன் எதையாவது எழுதித் தருவான். அந்த மேசையில் இருந்தவர்களில் இருவர் கல்லூரி மாணவர்கள், போன ஆண்டுதான் தேர்வு எழுதி வியு3 கால்சைன் வாங்கியவர்கள். அவர்கள் எழுதுவதில் பாதி தப்பாக இருக்கும். தொடர்பு என்பது இரண்டு இடத்தில் எழுதப்படும் சங்கதி, எதிர் நிலையத்துக்காரர் தன் லாகில் தேடுவார், நம் பெயர் இராது. அப்போது கெடுவது மன்றத்தின் கால்சைன்.

நம் மன்றம் பேரிடர்க் காலத்தில் உதவத் தயார் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் உங்கள் முயற்சிதான், அதில் எங்களுக்கெல்லாம் பெருமை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரிலிருந்து வியு4ஆர்பிஐ என்ற கால்சைனில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அதையெல்லாம் நிறுத்திவிட்டு, தொலைபேசி அறுந்த தீவுகளின் செய்திகளை வெளியே கடத்தும் வேலையில் இறங்கினார்கள். நமக்கும் அப்படி ஒரு நாள் வந்து, இந்தச் செய்தியை எத்தனை மணிக்கு யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு தாசில்தார் கேட்டால், பையன்கள் ஞாபகத்தில் எழுதிய தாளையா நீட்டுவோம்?

லாகில் தவறாக எழுதியதை ரப்பர் போட்டு அழிக்காதே, ஒரே கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுது, கோட்டுக்குக் கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் பழைய லாக் நோட்டுகளைப் புரட்டியவர்களுக்கு அந்தக் கோடுகள் தெரியும். ஃபார்மேட் என்பது பக்கத்தையே கிழிப்பது ஐயா.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளாளுக்கு லேப்டாப்பைத் திறந்து பார்க்க வேண்டாம். திறப்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் மறைவான ஃபோல்டர்கள் உட்படப் பிரதி எடுக்க வேண்டும். தேடுவதெல்லாம் பிரதியில். இரவு 10:34க்கும் காலை 6:21க்கும் இடைப்பட்டதை ஏடிஐ கோப்பிலிருந்து எடுப்போம், அதில் இல்லாததை ஆல்.டிஎக்ஸ்டியில் தேடுவோம், இரண்டிலும் சந்தேகமாக இருப்பதை எதிர் நிலையத்துக்கு எழுதிக் கேட்போம். ஹாம்கள் இதற்குப் பதில் போடத் தயங்குவதில்லை. அதற்குப் பிறகும் கிடைக்காத தொடர்பு இருந்தால் அது இல்லையென்றே லாகில் நிற்கட்டும். சுற்றறிக்கையின் முதல் இரண்டு உத்தரவுகளையும் அதுவரை நிறுத்தி வையுங்கள், மாணவர்கள் இருவருக்கும் ஃபோன் செய்து ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

என் கணிப்பு தப்பாகி, கோப்பு காலியாக இருந்தால் ஃபார்மேட் செய்யும் வேலையை நானே செய்து தருகிறேன். ஞாயிறு காலை செயலாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பீரோவைத் திறந்து வையுங்கள் ஐயா. பிரதி எடுக்கக் காலி ஹார்ட் டிஸ்க்கை நான் கொண்டுவருகிறேன்.

73,
மன்ற உறுப்பினர் ஒருவர்